நேர்சாலையில் தோற்பவன் மேல் என் பந்தயம்

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓர் இளம் டூரிங் கார் ஓட்டுநர் நேர்சாலையில் வழிவிடுவதைப் பார்க்கும் போதெல்லாம், "இன்ஜின்ல தம் இல்லப்பா" என்று பெண்ணாடத்து ரசிகர்கள் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அங்கே தெரிவது தம் குறைவு அல்ல, கேம் ஷாஃப்ட் தேர்வு.

எல்ஜிபி 1300 மாதிரி எல்லோருக்கும் ஒரே இன்ஜின் என்ற வகுப்பில் கைவைக்க வழியில்லை. டூரிங் கார்களில்தான் மெக்கானிக்கின் மூளை வெளியே தெரியும். அங்கே பெரும்பாலோர் தேடுவது வால்வை நெடுநேரம் திறந்து வைக்கும் பெரிய கேம். நிமிடத்துக்கு 7,000 சுற்றில் அது சிலிண்டரை நிரப்பித் தள்ளும். இன்ஜின் பவரை அளக்கும் டைனோ தாளில் உச்சி எண்ணைப் பார்த்தால் வாய் பிளக்கலாம். ஆனால் 4,000-க்குக் கீழே, உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிவிடும். மிதித்தாலும் வண்டி யோசிக்கும்.

நம் ஆள் அடக்கமான கேமோடு நின்றுவிட்டார். ஹெட்டைச் சீவி கம்ப்ரெஷனை ஏற்றினார், போர்ட்டை இழைத்தார், கடைசியில்தான் இன்ஜின் கணினியான இசியூவைத் தொட்டார். உச்சி பவர் குறைவு; நடு சுற்றில் டார்க் பள்ளமே இல்லை. 3.7 கிலோமீட்டரில் 12 வளைவுகள் உள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில், வளைவைவிட்டு வெளியேறும்போது கூடுதலாகக் கிடைக்கும் வேகம் அடுத்த பிரேக் வரை கூடவே வரும். ஸ்டியரிங் நிமிரும் முன்பே அவர் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிப்பதைக் கவனியுங்கள். பெரிய கேம்காரர்களுக்கு அந்தத் துணிச்சல் வராது.

இதில் ஆபத்தும் உண்டு. அடக்கமான கேமும் உயர்ந்த கம்ப்ரெஷனும் சேர்ந்தால், கலவை தானாகவே வெடிக்கும் நாக்கிங் நிச்சயம் எட்டிப் பார்க்கும். பிளக்கைக் கழற்றினால் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோலப் புள்ளி தெரியும். உடனே இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இழுத்தால் கொஞ்சம் பவர் போகும்.

"அதற்கு டர்போ போடலாமே" என்பார்கள். தடத்தில் ஒரு சுற்று வேகத்துக்கு டர்போதான் ராஜா, மறுக்கவில்லை. ஆனால் உள்ளிழுக்கும் காற்று 10 டிகிரி சூடேறினால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். நம் வெயிலில் இன்டர்கூலர் நாலு சுற்றிலேயே மூச்சு வாங்கும்.

அடுத்து நடக்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன். பம்புக்கு 20 சதவீத எத்தனால் பெட்ரோல் வந்துவிட்டது. பந்தய எரிபொருள் விதியும் அந்தப் பக்கம் நகரும் என்பது என் கணிப்பு. எத்தனாலில் லிட்டருக்கு ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. இன்ஜெக்டர் பெரிதாக வேண்டும். ஆனால் ஆக்டேன் 100-க்கு மேல். ஆவியாகும்போது கலவையையும் குளிர்விக்கும். அவருக்கு இருக்கும் ஒரே பயமான நாக்கிங்குக்கு அதுவே மருந்து. எத்தனால் தரும் கரும்பு விளையும் நம் பெண்ணாடம் வட்டாரத்துக்கு இதில் தனிப் பெருமையும் உண்டு!

இரண்டு சீசனுக்குள் பெரிய கேம்கள் ஒர்க்‌ஷாப் அலமாரிக்குத் திரும்பும். நேர்சாலையே குறைவான கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே தடத்தில் அது முதலில் நடக்கும். டைனோ தாளை பிரேம் போட்டு மாட்டியவர்கள் அன்றைக்கும் காற்றைத்தான் குறை சொல்வார்கள்.