ஆங்கில உரைநடையில் உறுதிப்பாட்டு வினையடைகள்: ஒரு கருத்துநிலை நோக்கு

ஆங்கில உரைநடையில் வாதத்தை நடத்திச்செல்லும் சொற்களுள் தெளிவு, ஒளிவுமறைவின்மை, நிச்சயம் ஆகியவற்றைப் புலப்படுத்தும் வினையடைகளும் அடங்குவன. ‘கிளியர்லி’, ‘ஒப்வியஸ்லி’, ‘ஃபிராங்க்லி’, ‘ஒனெஸ்ட்லி’, ‘சேர்ட்டன்லி’ என்பன அவற்றுட் சில. கட்டுரைப் பயிற்சி நூல்கள் இவற்றை நடைக்கு வலுவூட்டும் உத்திகளாகக் கற்பிப்பதுண்டு. இவை ஆற்றும் சமூகப் பணி யாது என்ற வினாவையே நாம் இங்கு எழுப்ப விரும்புகின்றோம்.

முதற்கண் இலக்கண நிலையை நோக்குவோம். குவேர்க், கிறீன்பாம், லீச், ஸ்வார்ற்விக் ஆகிய நால்வரும் 1972இல் வெளியிட்ட தற்கால ஆங்கில இலக்கணம், இத்தகைய சொற்கள் வினையைத் தழுவாது, வாக்கியத்துக்குப் புறத்தே நின்று அதனை முழுமையாகத் தழுவுவதை விரித்துரைக்கின்றது. ஒருவர் ‘ஃபிராங்க்லி’ பேசினார் என்னுமிடத்து அச்சொல் அவர் பேசிய முறையைக் குறிக்கும். ‘ஃபிராங்க்லி, அவர் களைத்துவிட்டார்’ என்னுமிடத்தோ அது களைத்தவரைப் பற்றி எதுவும் கூறுவதில்லை; கூறுபவர் தமது நேர்மைக்குத் தாமே சான்றிதழ் வழங்கிக்கொள்கின்றார். மார்க்சியச் சிந்தனையின்பாற்பட்ட மொழியியலாளரான ஹலிடே, செயற்பாட்டு இலக்கணம் பற்றிய தமது நூலில் (1985) இதனினும் ஆழமானதோர் உண்மையைச் சுட்டினார்: நிச்சயமில்லாத வேளையிலேயே நாம் நிச்சயம் என்று சொல்கின்றோம். ‘அவர் வீட்டில் இருக்கிறார்’ என்பவர் அறிந்து கூறுகின்றார். ‘நிச்சயமாக வீட்டில் இருக்கிறார்’ என்பவர் ஊகித்துக் கூறுகின்றார். சான்று குறையுமிடத்தை நிரப்பவே வினையடை வருகின்றது.

தனிமனித உரையாடலில் இது சிறு விடயமே. அதிகாரத்தின் உரைநடையில் இது நிகழும்போது விளைவு வேறாகும். இதற்குத் தக்க எடுத்துக்காட்டு 1835 பெப்ரவரி 2ஆந் திகதியிடப்பட்ட மெக்காலேயின் கல்விக் குறிப்பாகும். 1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் இந்தியாவிற் கல்விக்கென ஆண்டுதோறும் ஓர் இலட்சம் ரூபாய்க்குக் குறையாத தொகையை ஒதுக்கியிருந்தது. அதனைச் சமஸ்கிருத, அரபுக் கல்விக்குத் தொடர்ந்து செலவிடுவதா, ஆங்கிலக் கல்விக்குத் திருப்புவதா என்பதே அன்றைய பிரச்சினை. பொதுக் கல்விக் குழு இதில் இரண்டாகப் பிளவுண்டு நின்றது.

இக்குறிப்பில் மூன்று நகர்வுகள் அவதானிக்கத்தக்கன. முதலாவது, தமக்குச் சமஸ்கிருதமோ அரபோ தெரியாது என மெக்காலே ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கின்றார். அறியாமையை வெளிப்படையாகக் கூறிய நேர்மை, அடுத்து வரும் தீர்ப்புக்கு உரிமைப்பத்திரமாகிவிடுகின்றது. அம்மொழிகளை அறியாதவர், நல்லதோர் ஐரோப்பிய நூலகத்தின் ஒற்றைத் தட்டுக்கு அவற்றின் முழு இலக்கியமும் ஈடாகாது என மதிப்பிடுகின்றார். இரண்டாவது, அப்பகுதி மக்கள் அன்றாடம் பேசும் மொழிகள் கல்விக்கு உதவா என்பதில் எல்லாத் தரப்பினரும் உடன்படுவதாகத் தோன்றுகின்றது எனக் கூறி, மக்களின் மொழியை விவாதத்தினின்றே அகற்றிவிடுகின்றார். மூன்றாவது, எஞ்சிய பிரச்சினை ‘சிம்ப்ளி’ இதுதான் எனச் சுருக்கி, கீழைத்தேய மொழிகளின் தாழ்வு எல்லோரும் ஒப்புக்கொண்டதே என்கின்றார். எல்லோரும் ஒப்புக்கொண்டதாயின் அக்குறிப்பை எழுதவேண்டிய தேவையே எழுந்திராது. பிரின்செப் முதலியோர் எதிர்த்து வாதிட்டுக்கொண்டிருந்தனர். எனினும் 1835 மார்ச் 7இல் பென்ரிங் பிரபுவின் அரசாங்கம் மெக்காலேயின் பக்கமே தீர்மானித்தது. ஒரு வர்க்கத்தின் தேவை, பொதுப்புத்தியின் குரலிற் பேசும் முறைமை இங்கு வெளிப்படுகின்றது.

இந்நோய் ஆளும் வர்க்க உரைநடைக்கு மட்டுமே உரியதன்று. 1887இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்றொகுதியில், பண்டத்தின் மாயத்தன்மையை ஆராயப் புகும் மார்க்ஸ், பண்டம் முதற்பார்வையில் அற்பமானதாகவும் எளிதில் விளங்குவதாகவும் தோன்றுகின்றது என்றே தொடங்குகின்றார். பகுப்பாய்வோ அது மிகவும் விசித்திரமானது எனக் காட்டுகின்றது. எளிதில் விளங்குவது இங்கு ஆய்வின் தொடக்கப் புள்ளியாகவும் சந்தேகத்துக்குரியதாகவும் அமைகின்றது. 1938இல் ஸ்ராலின் எழுதிய இயங்கியல், வரலாற்றுப் பொருள்முதல்வாதம் பற்றிய கட்டுரையின் ஆங்கில வடிவிலோ அதே சொற்கள் எதிர்ப்பணி புரிகின்றன. இயற்கைக்குக் கூறப்பட்ட விதிகளைச் சமூக வரலாற்றுக்கு விரிக்கும் இடத்தில், அவ்விரிவு எத்துணை முக்கியமானது என்பது எளிதில் விளங்கும் என்று கூறப்படுகின்றது. அதன் முக்கியத்துவம் விளங்கலாம். அது செல்லுபடியாகுமா என்பதே நிறுவப்பட வேண்டியது. அவ்வினா எழுவதற்கு முன்னரே வாசகர் அடுத்த பந்திக்கு அழைத்துச் செல்லப்படுகின்றார். மார்க்ஸ் திறந்த கதவை அவர் பெயராலேயே மூடும் செயல் இது.

தமிழிலும் தேற்றப்பொருள் புதிதன்று. ஏகாரத்துக்கும் ‘மன்ற’ என்னும் இடைச்சொல்லுக்கும் தொல்காப்பியர் அப்பொருளை வகுத்துள்ளார். எனினும் நமது முற்போக்குத் திறனாய்வில் மலிந்துள்ள ‘ஐயத்துக்கிடமின்றி’, ‘வெள்ளிடைமலை’, ‘மறுக்கமுடியாத உண்மை’, ‘சொல்லாமலே விளங்கும்’ முதலிய தொடர்கள் ஆற்றும் பணி, மேலே ஆங்கிலத்திற் கண்ட பணியே. ஒரு படைப்பாளியின் வர்க்க நிலைப்பாட்டுக்கும் அவரது கலைவடிவத்துக்குமுள்ள உறவை நிறுவவேண்டிய இடத்திலேயே இத்தொடர்கள் வந்து அமர்வதை நாம் காண்கின்றோம். அவ்வுறவு உண்மையில் இருக்கலாம். ஆனால் அது காட்டப்படாது அறிவிக்கப்படும்போது, நம்மோடு முன்னரே உடன்பட்டவர் மட்டுமே தலையசைப்பர், ஏனையோர் விலகிச்செல்வர். இக்கட்டுரையின் முதல் வரைவில் நாமும் இத்தகைய தொடர்கள் நான்கினை எழுதிப் பின்னர் நீக்கினோம். அவற்றுள் இரண்டின் கீழ்ச் சான்று எதுவும் இருக்கவில்லை.

இவ்வினையடைகளை முற்றாக விலக்கவேண்டும் என்பது நமது கருத்தன்று. சான்றுகளை முன்வைத்த பின்னர் ‘எனவே இது தெளிவு’ எனக் கூறுவதில் தவறில்லை. அச்சொல்லை நீக்கிய பின்னும் வாக்கியம் தன் ஆதாரத்தில் நிற்குமா என்பதே சோதனை. மாற்றார் உரைநடைக்குப் பிரயோகிக்கும் இச்சோதனையை நமது உரைநடைக்கும் பிரயோகிப்பது, மார்க்சியத் திறனாய்வு இன்று மேற்கொள்ளவேண்டிய சுயவிமர்சனத்தின் ஒரு கூறாகும்.