நான்காம் பிரிவின் ருசி

தி. நகர் பசுல்லா சாலைவாசி ராஜாஜி, 1962 செப்டம்பரில், 83 வயதில், வாஷிங்டன் போய் அதிபர் கென்னடியைப் பார்த்தார். அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் அந்தப் பயணம். ஓராண்டுக்குள், 1963 ஆகஸ்ட் 5 அன்று, மாஸ்கோவில் பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே மாதம் இந்தியாவும் ஒப்பமிட்டது.

அந்த ஒப்பந்தத்தில் மொத்தமே ஐந்து பிரிவுகள். ராஜாஜியைப் போல வக்கீல் தொழில் பார்த்தவர்கள் நான்காம் பிரிவில் சற்று நின்றுதான் நகர்வார்கள். விலகுவதற்கான வழி அங்கேதான் இருக்கிறது.

விலக உரிமை உண்டாம். ஆனால் 'அசாதாரண நிகழ்வுகள்' நேர்ந்திருக்க வேண்டும். சில்லறை மனத்தாங்கல் செல்லாது. அவை 'இந்த ஒப்பந்தத்தின் பொருளோடு தொடர்புள்ளவை'யாக இருக்க வேண்டும். வியாபாரத் தகராறைக் காட்டிக் கிளம்ப முடியாது. நலன் கெட்டால் போதாது, 'உச்ச நலன்' கெட வேண்டும். வினைச்சொல்லின் காலத்தையும் பாருங்கள்: ஆபத்துக்கு உள்ளாகியிருக்க வேண்டும். உள்ளாகுமோ என்ற பயத்துக்கு அங்கே இடமில்லை.

இத்தனை பூட்டையும் போட்டுவிட்டுச் சாவியை யாரிடம் கொடுத்தார்கள்? கிளம்புகிறவரிடமே! 'அந்நாடு முடிவு செய்தால்' என்கிறது வாசகம். அரசுகளை உள்ளே அழைத்து வர வேறு வழியில்லை என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு, வாடகை வீட்டைக் காலி செய்வது போல, மூன்று மாத நோட்டீஸ். மற்றவர்கள் வந்து சமாதானம் பேச அவகாசம். 1968இன் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் இதே வாசகத்தை எடுத்துக்கொண்டு, பாதுகாப்பு மன்றத்துக்குக் காரணமும் சொல்ல வேண்டும் என்று சேர்த்தது. வட கொரியா 1993 மார்ச் 12 அன்று நோட்டீஸ் கொடுத்தது. கெடு முடிய ஒரு நாள் இருக்கையில் நிறுத்தி வைத்தது. 2003 ஜனவரியில், பாக்கி ஒரு நாள்தானே என்று கணக்குக் காட்டிற்று!

இந்தியா அந்தக் கணக்குக்கே போகவில்லை. மாஸ்கோ ஒப்பந்தம் தடுத்தது வளிமண்டலம், விண்வெளி, நீரடி மூன்றையும்தான். 1974இல் பொக்ரானில் குண்டு வெடித்தது 107 மீட்டர் ஆழத்தில். 1998இலும் மண்ணுக்கடியில்தான். ராஜாஜி கேட்ட நிறுத்தம் முழுதாகக் கிடைக்கவில்லை. நான்காம் பிரிவின் தாழ்ப்பாளை மட்டும் இந்தியா இன்றுவரை தொடவில்லை.