முனையில் நிற்குமா?

ஸ்ட்ரெதமில் என் வீட்டு ஆய்வு மேசைக்குப் புதிதாக வந்திருப்பது, நுண்ணோக்கிக்கு அடியில் மாதிரியை நகர்த்தும் மோட்டார் ஸ்டேஜ். சுற்றுக்கு 200 படி கொண்ட ஸ்டெப்பர் மோட்டார், 2 மி.மீ. திருகுத்தண்டு, ஒரு முழுப் படிக்கு 10 மைக்ரான். இரு முனையிலும் லீவர் வைத்த மைக்ரோ சுவிட்ச். ஆர்டுயினோவில் ஓடும் ஜிஆர்பிஎல்தான் கட்டுப்பாடு. நகர்வு வழுவழுவென்று இருக்கிறது, சத்தமும் குறைவு.

ஆனால் இப்படிப்பட்ட கருவியை எடைபோட வேண்டியது முனையில்தான். மோட்டார் மின்சாரத்தை நிறுத்திவிட்டு லீவரை விரலால் அழுத்தினேன். கேள்விக்குறியை அனுப்பியதும் சுவிட்சின் நிலை திரையில் வந்தது. அடுத்து மிக மெதுவாக ஓடவிட்டு, ஸ்டேஜ் நடுவில் இருக்கும்போதே அழுத்தினேன். உடனே நின்றது. மூன்றாவது சோதனையைப் பலர் செய்வதில்லை: சுவிட்ச் கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்டுவது. இதில் கருவி தோற்றது. 'நார்மலி ஓப்பன்' இணைப்பில் கம்பி அறுந்தாலும், சுவிட்ச் அழுத்தப்படாமல் இருந்தாலும் கட்டுப்பாட்டுக்கு ஒன்றுதான். ஸ்டேஜ் நேராகப் போய் இரும்பில் மோதும். இரண்டு சுவிட்சுகளையும் 'நார்மலி க்ளோஸ்ட்' ஆக்கித் தொடராக இணைத்து, சுவிட்ச் உள்ளீட்டின் பொருளைத் தலைகீழாக்கும் ஜிஆர்பிஎல் அமைப்பை $5=1 என்று மாற்றினேன். இப்போது கம்பி கழன்றாலே அலாரம். விற்பவர்களே இப்படி இணைத்து அனுப்ப வேண்டும். கூடுதல் செலவு எதுவும் இல்லை.

தீராத குறை ஒன்று உண்டு. ஜிஆர்பிஎல்லில் ஓர் அச்சுக்கு ஓர் உள்ளீடுதான். எந்த முனையில் முட்டியது என்று அதற்குத் தெரியாது. நாம்தான் கண்ணால் பார்த்து எதிர்த்திசையில் விலக்க வேண்டும். ஹார்வெல்லின் டயமண்ட் லைட் சோர்ஸ் ஆய்வகம் பயன்படுத்தும் எபிக்ஸ் மென்பொருளில் மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் தனித்தனிப் புலங்கள் இருக்கின்றன. அங்கே மோட்டார் கம்பி திசை மாறியிருந்தால் தவறான சுவிட்ச் காவல் நிற்கும் என்பதால், திசையையும் சேர்த்தே சோதிக்க வேண்டும்.

நிற்கும் தூரத்தையும் கணக்கிடுங்கள். படிப்படியாக வேகம் குறைக்கும் கட்டுப்பாட்டில், நொடிக்கு 10 மி.மீ. வேகமும் 50 மி.மீ./நொடி² குறைப்பும் என்றால், சுவிட்ச் தட்டிய பிறகும் 1 மி.மீ. ஓடும். அதைவிட அதிக இடம் தடைக்கு முன் வேண்டும். ஜிஆர்பிஎல் சட்டென நிறுத்திவிடுகிறது. ஆனால் படிகள் தவறியிருக்கலாம், மறுபடி ஹோமிங் (சுவிட்சைத் தொட்டுத் தொடக்கப் புள்ளியைப் பிடிப்பது) செய்தே ஆக வேண்டும்.

ஹோமிங்குக்கு ஒளி சென்சார் நல்லது, உரசித் தேயும் பாகம் இல்லை. இருட்டில் மங்கலான ஒளியை அளப்பவர்கள் மட்டும் மைக்ரோ சுவிட்சோடு இருங்கள்: சென்சாரின் அகச்சிவப்பு ஒளி கசிந்து அளவீட்டில் கலந்துவிடும்.

மாதிரிக் கண்ணாடி நகர்த்த இதைத் தாராளமாக வாங்கலாம், கம்பியை மாற்றிய பிறகு. விலையுயர்ந்த லென்ஸுக்குப் பக்கத்தில் வைப்பதானால், இரு முனைக்கும் தனி உள்ளீடு உள்ள கட்டுப்பாட்டைத் தேடுங்கள்.