பவளத்திட்டு மீன்களைப் பார்க்கும் விதம்

ஜொகூர் மாநிலத்துக்கு அலங்கார மீன் புதிதல்ல. பத்து பகாட் வட்டாரத்துப் பண்ணைகளில் அரோவானா வளர்ந்து வெளிநாடு போவதும், தாமான் வீடுகளின் முன்கட்டில் கோய் மீன்களுக்கென்று சிறு குளம் கட்டி வைப்பதும் இங்கே அன்றாடக் காட்சிகள். எனினும், நன்னீர் மீன்களையே பார்த்துப் பழகிய கண், ஒரு கடல்நீர்த் தொட்டியின் முன்னால் வந்து நின்றதும், அந்த நீலத்திலும் மஞ்சளிலும் செம்மஞ்சளிலும் திகைத்து, 'எத்தனை வர்ணம்!' என்று வியந்து, வியப்பு அடங்கியதும் இனிப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுவதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். தொட்டி வைத்தவர்களின் கதியும் பெரும்பாலும் இதுதான்: சில மாதங்களில் அலுப்புத் தட்டுகிறது, அலுப்பைப் போக்க மேலும் நாலு மீன் வாங்குகிறார்கள், இடநெருக்கடியில் மீன்கள் மடிகின்றன, கடைசியில் கண்ணாடித் தொட்டி காலியாக வராந்தாவுக்குப் போய்விடுகிறது. பவளத்திட்டு மீனின் அழகில் பாதி அதன் உடம்பில் இருக்கிறது, மறுபாதி அது செய்யும் காரியத்தில் இருக்கிறது என்பதை உணர்ந்து, அந்தக் காரியத்தைக் காணப் பழகிக்கொண்டவருக்கு நாலே மீன் போதும். பழகாதவருக்கு நாற்பதும் போதா.

ஆகையால் முதல் பாடத்தைத் தொட்டியில் அல்லாமல் கடலிலேயே தொடங்குவது உத்தமம். அதற்கான பாக்கியம் ஜொகூர்வாசிகளுக்கு வெகு சமீபத்தில் இருக்கிறது. ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி வழியாக ஏறக்குறைய 130 கிலோமீட்டர் போனால் மெர்சிங். அங்கே படகேறினால் ராவா, பெசார், சிபு, திங்கி, அவுர், பெமாங்கில் முதலிய தீவுகள். சுல்தான் இஸ்கந்தரின் பெயர் தாங்கிய கடற்பூங்காவைச் சேர்ந்த இந்தத் தீவுகளுக்கு 1994 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு; கரையிலிருந்து இரண்டு கடல் மைல் தூரத்துக்குள் மீன் பிடிப்பதும், பவளத்தையோ சிப்பியையோ எடுப்பதும் குற்றம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்துக் கிடக்கும் என்பதால், அந்த மாதங்களைத் தவிர்த்து, வெயில் தெளிந்த ஒரு நாளில் போய், முகமூடி அணிந்து, ஆழமில்லாத இடத்தில் மிதக்க வேண்டும். அப்படி மிதக்கும்போது கண்ணில் பட்ட மீனையெல்லாம் துரத்திக்கொண்டு போவது வீண் பிரயாசை. ஒரே பாறையின் மேல் அசையாமல் மிதந்து, அந்த ஒரு கஜப் பரப்பில் யார் வருகிறார்கள், யார் யாருக்கு வழிவிடுகிறார்கள், யார் எந்தப் பொந்துக்குள் ஒதுங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தால், முதலில் வெறும் கூட்டமாகத் தெரிந்தது மெல்ல மெல்ல ஓர் ஊராகத் தெரியத் தொடங்கும். விரல் நீளமே உள்ள, கரும்பட்டை ஓடும் நீல நிறத் துப்புரவு மீன் தன் பாறையருகே துள்ளித் துள்ளி நீந்துவதையும், அதைவிடப் பல மடங்கு பெரிய மீன்கள் அங்கே வந்து அசைவற்று நின்று, வாயையும் செவுளையும் திறந்து காட்டி, ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னவிட்டுப் போவதையும் ஒருமுறை பார்த்தவர், பிறகு மீனை வெறும் அலங்காரப் பொருளாக எண்ண மாட்டார்.

வர்ணத்தையும் சற்றுத் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது. சூரிய ஒளியின் சிவப்புக் கூறு நீரில் சில மீட்டர் ஆழத்திலேயே மங்கிவிடுகிறது. ஆகவே கடையில் வெள்ளை விளக்கின் கீழ் தீப்பிழம்புபோல் ஜொலிக்கும் செந்நிற மீன், தன் சொந்த வீட்டில் சாம்பல் நிழலாய்ப் பதுங்கிக் கிடக்கும். மீன்களின் நீலம் அனேகமாகச் சாயத்தால் வந்ததன்று. தோலுக்குள் அடுக்கடுக்காய் அமைந்த நுண்ணிய படிகத் தகடுகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றுவது. மாண்டரின் மீன் என்ற சிறு மீனும் அதன் நெருங்கிய இனமும் மட்டுமே உண்மையான நீலச் சாயத்தை உடலில் வைத்திருக்கும் அபூர்வப் பிறவிகள். வண்ணத்துப்பூச்சி மீனைப் பார்த்தால், அதன் மெய்யான கண்ணைக் கரிய பட்டை ஒன்று மறைத்திருப்பதும், அவ்வினத்தில் சிலவற்றுக்கு வாலருகே பொய்க்கண் ஒன்று வரைந்தாற்போல் இருப்பதும் தெரியும். தாக்க வரும் பகை தலை எது, வால் எது என்று மயங்கட்டும் என்பதற்கான ஏற்பாடு அது என்று உயிரியலார் கருதுகிறார்கள். நம் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதா ஒளியில் முகத்தில் கோலம் தாங்கி, அதைக் கொண்டு தம் இனத்தாரை அடையாளம் காணும் டாம்சல் மீன்களும் உண்டு. இத்தனையும் நினைவில் இருக்கையில், ஒரு மஞ்சள் பட்டையைக்கூட அவசரமாகக் கடந்துபோக மனம் வராது.

இனி, தொட்டி. அதில் முதலில் ரசிக்கப் பழக வேண்டியது, கண்ணுக்கே தெரியாத ஒன்றை. மீனின் கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியா விஷம். ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட் ஆக்குகிறது, அதுவும் விஷம். மற்றொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. இந்த இரு கூட்டத்தாரும் பாறையிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பாலில் உறை ஊற்றிவிட்டு அசைக்காமல் காத்திருப்பதுபோல், பழைய தொட்டி ஒன்றிலிருந்து கொஞ்சம் உயிர்ப்பாறையை இட்டுவிட்டு, மீனே இல்லாத நீரைச் சோதித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிர்கள் ஒட்டி வாழும் பாறையையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே நம்பிக் கடல்மீன்களை வளர்த்துக் காட்டி, அந்த முறையை 1961-இல் எழுதி வெளியிட்டார். நம் பிரதேசத்தில் பிறந்த அந்த யோசனைதான் இன்றைய பவளத் தொட்டிகள் எல்லாவற்றுக்கும் அடிவேர்.

காத்திருக்கும் நாட்களும் வெறும் நாட்கள் அல்ல. பாறையில் முதலில் பழுப்புப் பாசி படியும், பிறகு பச்சை, பிறகு இளஞ்சிவப்புச் சுண்ணப் பாசி. இரவில் கைவிளக்கைக் காட்டினால் கண்ணாடியின் மேல் வெண்புள்ளிகளாய்ச் சிறு ஜந்துக்கள் விரைவது தெரியும். மீன் வருமுன்னரே அங்கே ஒரு ஜீவலோகம் நடக்கிறது. அளவுகளைப் பொறுத்தவரை அதிகம் சொல்வதற்கில்லை: உப்புநீரின் ஒப்படர்த்தி 1.025 அளவில், வெப்பம் 25 முதல் 27 பாகைக்குள், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். நம் ஊர் வெயிலில் தொட்டி நீர் தானாகவே 30 பாகையைத் தொட்டுவிடும் ஆதலால், விசிறியோ சில்லரோ அவசியம். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு பின்தங்கிவிடும். எனவே அன்றாடம் குறையும் அளவுக்கு உப்பில்லாத சுத்த நீரையே ஊற்ற வேண்டும்.

மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகல உயரமும் கொண்ட, சுமார் 190 லிட்டர் தொட்டி ஒன்றில் ஒரே ஒரு காட்சிக்குத்தான் இடம் என்றால், நான் தயங்காமல் கோபி மீனையும் அதன் கூட்டாளியான இறாலையும் தேர்ந்தெடுப்பேன். மஞ்சள் கோபி அப்படியொன்றும் சௌந்தரியவதி அல்ல. பருத்த உதடும் மேலே பிதுங்கிய கண்ணுமாக, ஒரு வளையின் வாயிலில் மார்பை ஊன்றி உட்கார்ந்திருக்கும். உள்ளிருந்து இறால் வருகிறது. இரு கொடுக்குகளையும் முன்னால் சேர்த்து மணலைத் தள்ளிக்கொண்டு வந்து, வாசலுக்கு வெளியே கொட்டி, சிப்பித் துண்டு ஒன்றை இடுக்கி எடுத்துப் போய்க் கூரைக்கு முட்டுக் கொடுக்கிறது. அதற்குக் கண்பார்வை மிகக் குறைவு. ஆகவே வளையை விட்டு வெளியே இருக்கும் நேரமெல்லாம் அதன் நீண்ட மீசைகளில் ஒன்று கோபியின் உடம்பைத் தொட்டுக்கொண்டே இருக்கும். இறால் திரும்பினால் மீசையும் திரும்பும், தொடுகை மட்டும் விடுபடாது. நாம் சற்று வேகமாகக் கையை அசைத்தால், கோபி வாலை இலேசாகச் சிலிர்க்கிறது. அக்கணமே இறால் பின்வாங்கிவிடும். ஆபத்து இன்னும் நெருங்கினால் கோபியும் தலைகீழாக உள்ளே பாய்கிறது. சற்றுப் பொறுத்தால் முதலில் வெளியே வருவது கோபியின் தலை. அது நிலைகொண்ட பிறகே மீசை, மீசைக்குப் பிறகே கொடுக்கு. ஒருவர் உழைப்பும் மற்றவர் காவலுமாக நடக்கும் இந்தப் பரஸ்பரக் குடித்தனத்தை ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பார்ப்பதற்கு ஈடான இன்பத்தை எந்த விலையுயர்ந்த மீனும் தந்துவிடாது. இதற்கு வேண்டியதெல்லாம் இரண்டு மூன்று அங்குலம் மணல், அதில் கலந்த உடைந்த சிப்பி, அமைதி. பாறைகளை மட்டும் மணலின் மேல் அடுக்காமல் தொட்டியின் தளத்திலேயே ஊன்றிவிட வேண்டும், இல்லையேல் இறால் தோண்டத் தோண்டப் பாறை சரிந்து இருவரையும் நசுக்கிவிடும்.

மனம் கேட்டாலும் வாங்கக் கூடாதவை சில உண்டு. மேலே சொன்ன மாண்டரின் மீன் பாறையில் ஊரும் நுண்ணிய ஜந்துக்களையே நாள் முழுதும் கொத்தித் தின்பது. புதிய சிறு தொட்டியில் அது மெல்ல மெல்லப் பட்டினியில் மெலிந்து சாகும். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பலவற்றுக்கு உயிருள்ள பவளமே ஆகாரம். துப்புரவு மீனுக்கு அதன் வாடிக்கையாளர்கள் வேண்டும். கைக்கட்டை விரலளவில் விற்கப்படும் நீல டாங் வளர்ந்தால் 30 சென்டிமீட்டர். இவற்றையெல்லாம் மெர்சிங் தீவுகளிலும் பொதுக் காட்சியகங்களிலும் கண்டு மகிழலாம். மற்றொரு கொடுமையும் உண்டு: பிலிப்பைன்ஸில் 1960-களில் தொடங்கிப் பல கடல்களுக்குப் பரவிய சயனைடு முறையில், பவளத்தின் இடுக்குகளில் விஷத்தைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கிறார்கள், பவளம் வெளுத்துச் சாகிறது, மீனும் கடைக்கு வந்து வர்ணம் குன்றாமல் நீந்தி, பின்னர் காரணம் தெரியாமல் மடிகிறது. எனவே கடைக்காரரிடம் 'இது கடலில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா?' என்று கேட்பதும், நம் கண்ணெதிரே தீனி போடச் சொல்லிப் பார்ப்பதும், வயிறு ஒட்டியும் மூச்சு வாங்கியும் இருப்பதை விட்டுவிடுவதும் வாங்குபவரின் தர்மம்.

பண்ணையில் பிறந்ததாகத் தாராளமாகக் கிடைக்கும் மீன் கோமாளி மீன். செம்மஞ்சள் உடலில் மூன்று வெள்ளைப் பட்டை தாங்கிய அந்த இனம் நம் தீவுகளைச் சுற்றியும் கடற்சாமந்தியின் கொட்டும் விரல்களுக்கிடையே வாழ்வது. தொட்டியில் சாமந்தி இல்லாமலும் சுகமாக வாழும். சாமந்தியை வைத்துக் காப்பது கடினம் ஆதலால் தொடக்கத்தில் அதை விட்டுவிடுவதே நன்று. கோமாளிகள் எல்லாமே பிறக்கும்போது பெண் அல்லாதவை. கூட்டத்தில் பெரியதும் வலியதும் பெண்ணாகிறது, அடுத்தது ஆணாகிறது, பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறி அந்த ஸ்தானத்தை ஏற்கிறது. சிறியவை இரண்டை ஒன்றாக வாங்கி விட்டால் இந்தக் குடும்ப விவகாரம் நம் கண்முன் நடக்கும். ஒன்று நிமிர்ந்து எதிரே வரும். மற்றது சட்டென்று ஒருபக்கமாகச் சாய்ந்து உடம்பு முழுதும் நடுங்கிக் காட்டும். நோய் என்று பயப்பட வேண்டாம். 'நீ பெரியவள்' என்று ஒப்புக்கொள்ளும் முறை அது. நன்றாகப் பேணினால் இந்த ஜோடி இருபது வருஷத்துக்கு மேலும் நம்முடன் இருக்கக்கூடும்.

தமிழகத்தில் மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீன்களைப் பொரித்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். வீட்டுத் தொட்டியிலும் அது நடக்கும். முட்டையிடுமுன் இரண்டும் ஒரு பாறை முகத்தை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும். செம்மஞ்சளாய் ஒட்டிய முட்டைகள் நாளடைவில் பழுப்பேறி, ஒவ்வொன்றிலும் வெள்ளி நிறக் கண் இரண்டு மின்னும். ஆண் துடுப்பால் விசிறிக்கொண்டே, கெட்ட முட்டையை வாயால் பொறுக்கிக் களையும். ஏழு முதல் பத்து நாளில், விளக்கணைந்த சிறிது நேரத்தில் பொரிந்துவிடும். அந்த நாட்களில் தொட்டிக்குள் கை விட்டால் பெண் கடிக்கும். கைவேலைகளைத் தள்ளிப்போடுவது நல்லது. குஞ்சுகளைக் காப்பாற்ற விரும்புகிறவர்கள், அவற்றின் முதல் உணவாகிய ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிரின் வளர்ப்பை முட்டை கண்ட அன்றே தனிப் பாத்திரத்தில் தொடங்கிவிட வேண்டும். பொரிந்த பிறகு தேடப் போனால் காலம் கடந்துவிடும்.