அடங்காப் பிள்ளையா, அஞ்சும் பிள்ளையா?

ஜே. டி. சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் த ரை’ 1951இல் வெளிவந்த புதினம். அதன் நாயகன் ஹோல்டன், 5 பாடங்களில் நான்கில் தோற்றுப் பள்ளியினின்று நீக்கப்பட்ட 16 வயது மாணவன். அவனை அடங்காப் பிள்ளை என ஒதுக்கும் திறனாய்வு கதையின் உயிர்நிலையைத் தொடுவதில்லை.

தம்பி அல்லி இரத்தப் புற்றுநோயால் இறந்த இரவில், 13 வயது ஹோல்டன் கார் கொட்டகையின் சன்னல்களைக் கைமுட்டியால் உடைத்தான். ஆறாத அத்துயரே பின்னர் அச்சமாக வடிவெடுக்கிறது. நியூயார்க் வீதிகளைக் கடக்குந்தோறும், தான் மறைந்தே போய்விடக்கூடும் என நடுங்கி வியர்க்கிறான். மாண்ட தம்பியைத் துணைக்கு அழைக்கிறான். பெற்றோர் பெயரோ ஆசிரியர் பெயரோ அவ்வேளை அவன் நாவில் எழவில்லை.

முதிய ஆசிரியர் ஸ்பென்சர் அன்புடையவர். எனினும் அவனது தோல்வியுற்ற விடைத்தாளை அவனெதிரிலேயே உரக்கப் படிக்கிறார். அவன் உள்ளத்தைப் படித்தாரல்லர்.

அவன் நலம்பெற்ற வழியைப் புதினம் விரித்துரைக்காதது குறையே. ஆயினும் நோயை நோயென உணர்த்திய பெருமை அதற்குண்டு.

மலேசியாவில் 2022இல் நிகழ்ந்த தேசிய ஆய்வு, இடைநிலைப்பள்ளி மாணவருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளைக் கண்டது. இத்தகையோரைத் திருத்தப்பட வேண்டியவராக மட்டுமே தமிழ்ப் புனைகதை தீட்டுமாயின், அது ஸ்பென்சரின் வாசிப்பாகவே முடியும்.