கோலும் கொள்கையும்

போர்க்கலைக்கு உள்ளத்தைப் பண்படுத்தும் நெறி உண்டோ எனக் கேட்டால், ஜப்பானியரின் ஜூடோவையே பலர் சுட்டுவர். சிலம்பத்தை அடிதடி என ஒதுக்குவர். மற்றொரு சாரார், எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தன என்று புறநானூற்றைக் காட்டுவர். இவ்விரு கூற்றும் ஆராயத்தக்கன.

புறநானூற்று 80ஆம் பாட்டில் சாத்தந்தையார், போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைப் பாடுகிறார். ஒரு காலை மல்லன் மார்பில் ஊன்றி, மறு காலால் அவன் சூழ்ச்சியைத் தடுத்த நிலை அதில் கண்முன் நிற்கிறது. ஆயின் அது மற்போர், கோற்போர் அன்று. வீரனின் உள்ளப் பயிற்சியும் அதன் பொருள் அன்று. அதனைச் சிலம்பத் தத்துவத்துக்குச் சான்றாக்குதல் பொருந்தாது.

பொருந்தும் சான்று திருக்குறளில் உண்டு. பகைவனுக்கு இடுக்கண் வந்தவிடத்து உதவுதலே வீரத்தின் கூர்மை என்கிறது 773ஆம் குறள். ஜூடோவைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோ 1922இல் அறிவித்த, தானும் பிறரும் ஒருங்கே நலம் பெறுதல் என்னும் கொள்கை இதற்கு அயலன்று.

சிலம்பத்தில் இந்நெறி செயலாகவே அமைந்துள்ளது. மண்ணையும் ஆசானையும் வணங்கித் தொடங்குதல், காலடி செம்மையுறும்வரை வீச்சுக்கு விரையாமை, எதிராளியைக் காயப்படுத்தாது கம்பால் தொட்டே புள்ளி பெறுதல் ஆகிய யாவும் அடக்கத்தின் பயிற்சிகளே.

பின் வேறுபாடு எங்கே? கானோ 1882இல் கொடோகானை நிறுவியவர். தோக்கியோ உயர்நிலை ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தலைவராகவும் இருந்தவர். தாம் கற்பித்ததன் காரணத்தை எழுதினார். பள்ளிக்குக் கொண்டு சென்றார். மலாக்காவில் ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் சிலம்பம் வாய்மொழியாகவே வளர்ந்தது. பால்வெட்டு முடிந்த மாலையில், கோயில் திடலில், ஆசான் சொல்ல மாணவன் கேட்டான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின் அந்தத் திடல் கலைந்தது. எஞ்சியது பெரும்பாலும் மேடை. அங்கே கம்பின் வேகத்துக்குக் கைதட்டல் கிடைக்கிறது. கம்பை நிறுத்தத் தெரிந்த கையை எவரும் நோக்குவதில்லை.

போட்டி விதிகளை எழுதிவிட்டால் போதும் என்று கருதலாகாது. இந்த வணக்கம் ஏன், இந்தக் காலடி ஏன் என்பதற்கு முதிய ஆசான்கள் கூறும் விடை இன்னும் கிடைக்கிறது. தமிழாசிரியர்கள் அவர்கள் அருகே அமர்ந்து அதனை எழுத வேண்டும். எழுதாது விட்டால், பழம்பாட்டைக் காட்டிப் பெருமை பேசலாம். கலையின் பொருளை மாணவனுக்குக் காட்ட இயலாது.