பழைய கல்வீடு வாங்கும் முன்: ஃப்ளிர் ஒன் ப்ரோ தெர்மல் கேமரா

மால்டாவின் தலைநகர் வலெட்டா, 1566-ல் கடற்கரை மேட்டில் கட்டத் தொடங்கிய கோட்டை நகரம். அங்குள்ள பழைய கல் மாளிகைகள் இன்று தளம் தளமாகப் பிரித்து விற்கப்படுகின்றன. மொட்டை மாடியோடு கூடிய மேல்தளத்துக்குத் தனி மவுசு. ஆனால் ஊரே எழுந்து நிற்கும் குளோபிஜெரினா சுண்ணாம்புக்கல் நீரை உறிஞ்சும். கடற்காற்று அதில் உப்பையும் ஏற்றும். விற்பனைக்காகப் புதுப்பூச்சு கண்ட சுவரில் ஓதம் கண்ணுக்குத் தெரியாது. அப்படியொரு வீட்டில் இந்தக் கேமராவைச் சோதித்தேன்.

கைபேசியின் சார்ஜ் துளையில் செருகிப் பயன்படுத்தும் சிறு கருவி இது. வெப்பப் படத்தின் நுணுக்கம் 160×120 புள்ளிகள்தான். சாதாரணப் படத்தின் விளிம்புக் கோடுகளை அதன்மேல் பதிக்கும் எம்எஸ்எக்ஸ் வசதி அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. எந்தக் கல்வரிசை, எந்த உத்தரம் என்று குழம்ப வேண்டியதில்லை.

அறைகளைப் பகலில் பாருங்கள். ஈரம் ஆவியாகும்போது சுவர் குளிரும். அந்த இடம் திரையில் நீலமாகத் தெரியும். மொட்டை மாடிக்குக் கணக்கு தலைகீழ். வெயிலில் தளம் முழுதும் ஒரே சிவப்பு. பொழுது சாய்ந்தபின் உலர்ந்த கல் சீக்கிரம் ஆறிவிட, நீர் கோத்த இடம் சூட்டை விடாமல் வைத்திருக்கும். ஆகவே, அந்தியிலும் வீட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மழை பெய்த நாளும் காற்று பலமாக வீசும் நாளும் வேண்டாம்.

குறைகளும் உண்டு. இது சுவரின் மேற்பரப்பை மட்டுமே பார்க்கும், உள்ளே ஊடுருவாது. வெப்ப அளவில் மூன்று டிகிரி வரை பிசகலாம். எண்ணை விட்டுவிட்டு, இடத்துக்கு இடம் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். கண்ணாடியும் பளபளக்கும் உலோகமும் எதிரே நிற்பவரின் வெப்பத்தையே திருப்பிக் காட்டும். பேட்டரி ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் தாங்கும்.

நீலமாகத் தெரிவதெல்லாம் ஓதமும் அல்ல. காற்று புகும் இடுக்கும் அப்படியே தெரியும். ஊசி குத்தி ஈரம் அளக்கும் மலிவான மீட்டரால் இதை உறுதிசெய்ய முடியாது. அது அளப்பது மின்கடத்தலை. உப்பு ஏறிய கல்லில் சிறிது ஈரத்துக்கே எண் எகிறிவிடும். கல்துகளை எடுத்து எடைபோட்டு, உலர்த்தி, மறுபடி எடைபோடும் பழைய முறையே நம்பகமானது.

ஒரே ஒரு வீட்டுக்காக என்றால் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். பழைய வீடுகளைப் புதுப்பிப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். எங்கே துகள் எடுப்பது, கட்டடப் பொறியாளரிடம் எதைக் கேட்பது என்பதை இந்தப் படங்கள் தெளிவாக்கிவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள்.